வாத்துக் கரை

செப்டம்பர் 20, வெள்ளி

முதலில் மன்னிப்பு. இந்த டைரி என்னுடையது இல்லை. ஏதோ உரக்கடை புத்தாண்டுக்குக் கொடுத்திருக்கிறது. யாரும் ஒரு வரிகூட எழுதாமல் சமையலறை அலமாரியில் போட்டு வைத்திருந்தார்கள். அடுப்பு பற்றவைக்க ரோசலி அக்கா கிழிக்கப் போனபோது, வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுதி வைக்கும் அளவுக்கு என்னிடம் விஷயம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைத்ததும் இல்லை. கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். இங்கே பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பெயர் பேச்சியம்மாள். பி.ஏ. தமிழ். கோவில்பட்டிப் பக்கம். கோத்தகிரிக்கு வந்து நாலைந்து நாளாகிறது. வசந்தாமணி மேடத்தின் மாமியார் வீடு இது. மாமியார் போன பிறகு பூட்டிக் கிடந்ததைச் சின்னப் பிள்ளைகள் பள்ளியாக மாற்றுகிறார்கள். விஜயதசமி அன்று திறப்பு. நான் டீச்சர். ரோசலி அக்கா ஆயா. அக்கா பகலில் வந்து பொழுது சாயும் முன் போய்விடுவாள். நான் இங்கேயே தங்கல்.

"பேரு பேச்சி. வாயத் தொறந்தா வெறும் காத்து" என்று அக்கா இன்று என்னைக் கேலி செய்தாள். சிரித்துவிட்டேன். அதற்கும் சத்தம் வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மேடம் கோயம்புத்தூருக்குப் புறப்படும் முன் ஒரு சுருளைக் கையில் கொடுத்தார். ஒரு சாண் அகலத்தில் நீளமான காகிதம். மஞ்சள் வாத்துகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு குடை பிடித்திருக்கிறது. பிள்ளைகள் உட்காரும் பெரிய அறையில் நாலு சுவரையும் சுற்றி ஒட்ட வேண்டும். என் இடுப்புக்குச் சற்றுக் கீழே.

"புள்ளைங்க தரையில உக்காந்தா கண்ணுக்கு நேரா பார்டர் தெரியோணும். டிகிரி முடிச்ச பொண்ணு, இதக்கூட ஒட்ட மாட்டியா கண்ணு?"

பிறகு காரில் ஏறியவர் இறங்கி வந்தார். "ரூமை மட்டும் திறப்பு விழாவுக்குள்ள நல்லபடியா முடிச்சிரு. வேலை நிரந்தரம்னு வெச்சுக்கோ. தங்கச்சி எட்டாவதோட நிக்கறான்னியே, கூட்டிட்டு வந்துரு. இங்க கான்வென்ட்ல சேத்துடறேன். வீட்டோட இருந்துக்கட்டும்."

கேட்டுக்கு வெளியே போனால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. பின்னால் முப்பிடாதி குதிக்கும் சத்தம் கேட்டது. ஏப்ரலில் எட்டாவது முடித்தாள். அடுத்த பள்ளிக்கூடம் தூரம் என்று அம்மா நிறுத்திவிட்டாள். அதிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதிமூன்று.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒட்டுவதுதான் தொழில். ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டுவதா கஷ்டம்?

செப்டம்பர் 23, திங்கள்

கஷ்டம்தான்.

இது சுவர் மாதிரியே இல்லை. ஈரப் பூச்சில் யாரோ விரல்களால் வட்டம் வட்டமாகக் கிளறி, அப்படியே காயவிட்டது போலிருக்கிறது. உள்ளங்கையை வைத்தால் கீறுகிறது. காகிதம் மேடுகளின் நுனியில் மட்டும் ஒட்டுகிறது, பள்ளங்களில் காற்று நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதி வாத்துகள் தலைகீழாகத் தொங்கின.

மற்ற அறைகளெல்லாம் வழவழப்பான பழைய நீலச் சுவர். இந்த ஓர் அறைக்கு மட்டும் இந்த டெக்ஸ்சர் பெயின்ட். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஃபேஷனு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கொட்டப் போனாள். வாளியில் தண்ணீர் இல்லை.

செப்டம்பர் 25, புதன்

மறுபடியும் விழுந்தது.

பஜார் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். என் முறை வந்தும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போனார்கள். கடைசியில் கடைக்காரரே சுருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "வாத்துக்கு நீச்சல் தெரியும், செவுரு ஏறத் தெரியுமா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது.

சுருளுக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. ஆங்கிலம். அகராதி வைத்து வாசித்தேன். சொரசொரப்பான சுவரில் நேராக ஒட்டாதே என்றுதான் முதல் வரியே சொல்கிறது. காகிதப் பட்டை வரும் இடத்தில் மட்டும் மேட்டைத் தேய்த்து, பட்டி பூசிப் பள்ளத்தை நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகு ஒட்ட வேண்டும். அதாவது கரடுமுரடான சுவருக்கு நடுவே வழவழப்பான ஒரு பாதை போட வேண்டும்.

நான் இதைக் கரை என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். சேலைக்குக் கரை போல, அறைக்குக் கரை. மேடமும் அக்காவும் பார்டர் என்கிறார்கள்.

செப்டம்பர் 28, சனி

மூன்று நாளாக ஒரே தூசி. தலைமுடி வெள்ளையாகிவிட்டது. "கெழவி ஆயிட்டியே மிஸ்ஸு, கல்யாணம் ஆகறதுக்குள்ள" என்றாள் அக்கா.

ஆனால் ஒட்டிவிட்டது! பிற்பகலில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அந்தப் பனிக்கு நடுவே வாத்துகள் நாலு சுவரையும் சுற்றிக் குடையோடு நடந்தன. ஒரே ஓர் இடம்தான் சரியில்லை. ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில் ஒரு முழ நீளம். அங்கே மட்டும் காகிதம் உரிந்து முன்னால் சாய்கிறது. ஒட்டினேன், சாய்ந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி சாய்ந்தது.

பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். பசை இல்லை. எண்ணெய்.

செப்டம்பர் 29, ஞாயிறு

"எண்ணெ வடியற தலைய அங்க கொண்டுபோய்ச் சாய்ச்சா எப்படி ஒட்டும்?" என்றாள் அக்கா. நான் சாயவில்லை என்றேன். "அப்ப நானா சாய்ஞ்சேன்? எந்தலையில முடியே இல்லையே."

நான் எண்ணெய் வைப்பது உண்மை. கல்லூரி விடுதியிலும் அதற்காகச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய்த் தலை. சாய்ந்து உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் சுவரில் தலைக்கு ஒன்றாகக் கறை உண்டு. அப்பா இறந்து வெகு காலமாகியும் அவர் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பாள். முப்பிடாதியின் கறை வருடத்துக்கு வருடம் மேலே ஏறும். அவள் வளர்ந்ததை அதை வைத்துத்தான் சொல்வோம்.

ஆனால் இங்கே நான் சாயவில்லை. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டி போட்டு, பிரைமர் அடித்து, மறுபடி ஒட்டியிருக்கிறேன்.

ஒன்றை எழுத மறந்தேன். இந்தக் குளிரில் என் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடுகிறது. வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்தால்தான் இளகும். சுவரில் இருந்த எண்ணெய் உறையவில்லை. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

விழுந்திருந்தது. வேறெங்கும் இல்லை. அந்த முழம் மட்டும்.

கேட்டுக்கு வெளியே நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். பார்டர் ஒரு இடத்தில் ஒட்டவில்லை, உரிந்துகொண்டு வருகிறது என்றேன்.

"அந்த ஜன்னல் மூலையத் தனியா பாத்துக்க கண்ணு. அங்க கரை விடாமெப் பாத்துக்க. நல்லா அழுத்தி விடு" என்றார். "அப்பவும் சரியாகலைன்னா, பார்டரை மேல தூக்கி ஒட்டிரு. பெரியவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்."

மேடம் வாயில் எங்கள் ஊர்ச் சொல். கரை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். கீழ்த் தெருவில் யார் வீட்டிலோ கொலுப் பாட்டு. மழை.

டீ போட்டேன். பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். வீட்டில் எனக்கும் முப்பிடாதிக்கும் சேர்த்துத்தானே ஊற்றுவேன். வீணாக்க வேண்டாமென்று அந்த மூலையில் வைத்தேன்.

மத்தியானம் அக்கா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "யாருகூட பேசிட்டு இருந்தே?" என்றாள்.

"ரைம்ஸ் சொல்லிப் பாத்தேன்க்கா."

"ரைம்ஸ்ல தீப்பெட்டி வருமா?"

அக்கா உள்ளே வரவேயில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன். இந்த அறையை அவள் வாசலில் நின்றபடி நீளக் கம்பு மாப்பால்தான் துடைக்கிறாள். அந்த மூலைக்கு மாப் எட்டாது.

அக்டோபர் 4, வெள்ளி

பட்டை முழுவதையும் எடுத்து, மேலே புதிதாகப் பட்டி பூசினேன். இப்போது என் மோவாய் உயரம். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது.

பழைய இடத்தில் எண்ணெய் தானாகக் காய்ந்துவிட்டது. சுவரில் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

எண்ணெய் மேலே வந்துவிட்டது.

அதே மூலை. புதிய உயரம். வாத்துகள் மூன்று முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தன. காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு வட்டம். நடுவில் கருமை, ஓரத்தில் மங்கல். அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான முடி. என் முடி சுருட்டை. அது சுருட்டை இல்லை.

முதலில் எண்ணெய் வந்த உயரத்தில் நான் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் தலை படும் உயரம்தான். இப்போது இருப்பது நின்றால் தலை படும் உயரம். நான் நின்றால் இல்லை. என்னைவிடச் சின்னவள் நின்றால். என் மோவாய் உயரம் யார் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து கிளம்பிய அன்று முப்பிடாதி என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் உச்சந்தலை என் மோவாயில் இடித்தது.

நான் பட்டையை உயர்த்தியதும் அந்த உயரமுள்ள ஒருத்தி எழுந்து நின்றிருக்கிறாள்.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. நான் படித்த பெண். எண்ணெய் எங்கிருந்தோ ஊறுகிறது. அவ்வளவுதான்.

அக்டோபர் 7, திங்கள்

இன்று மழையில் வேலை ஓடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் முதலிலிருந்து வாசித்தேன். அக்டோபர் 1-க்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"அங்க கரை விடாமெப் பாத்துக்க."

மேடம் ஒரு நாளும் கரை என்று சொன்னதில்லை. பார்டர் என்பார். கரை என்பது என் சொல். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த டைரியைத் தவிர.

மயங்கொலிச் சொற்கள் பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண். சின்ன ர கரை, பெரிய ற கறை. எழுதினால் வேறு, பேசினால் எங்கள் பக்கத்திலும் ஒன்றுதான், மேடத்தின் பக்கத்திலும் ஒன்றுதான். நான் கேட்டது பட்டை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள் என்று. அவர் சொன்னது கறை விழாமல் பார்த்துக்கொள் என்று.

எண்ணெய் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. எந்த மூலை என்றும் சொல்லவில்லை.

அக்கா வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேராக நான் யாரையும் எதையும் கேட்டதில்லை.

"அந்த மூலையில யாருக்கா இருந்தா?"

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரையே மறுபடி ஊற்றி மறுபடி களைந்தாள்.

"மினின்னு ஒரு புள்ள. உங்க ஊருப் பக்கந்தான். மேடத்தோட மாமியாரு, பெரியம்மாவப் பாத்துக்கக் கூட்டிட்டு வந்தாங்க. படிக்க வைக்கறேன்னுதான் சொன்னாங்க. ஸ்கூல் பையெல்லாம் வாங்கிக் குடுத்தாங்க. பை புதுசாவே இருந்துச்சு."

"அப்புறம்?"

"எண்ணெ அப்பிக்கும் தலையில. அந்த மூலையில உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருக்கும். செவுத்துல கறை புடிக்குதுன்னு பெரியம்மா ஏசும். தொடைக்கச் சொல்லும். தொடைச்சிட்டு மறுபடி அங்கயேதான் உக்காரும். ஒருக்கா எல்லாரும் கலியாணத்துக்குப் போனாங்க. அதுக்குக் காய்ச்சல்னு விட்டுட்டுப் போனாங்க. வெளிய பூட்டிட்டு. எனக்கு லீவு. மழையில ரோடு சரிஞ்சு அவுங்களால திரும்பி வர முடியல. பல நாளாச்சு." அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கதவத் தொறந்தப்ப அந்த மூலையிலதான் இருந்துச்சு. ஜன்னலப் பாத்து. நின்னு பாத்திருக்கும், அப்புறம் உக்காந்திருக்கும். அவுங்கப்பா வந்து வண்டியில எடுத்துட்டுப் போனாரு."

கூட்டிட்டுப் போனார் என்று சொல்லவில்லை. எடுத்துட்டுப் போனாரு.

"ஒரு சத்தியம் பண்ணு மிஸ்ஸு. நான் சொன்னேன்னு சொல்லிராத. எனக்கு இந்த வேலைய விட்டா வேற இல்ல."

சத்தியம் செய்தேன். இங்கே எழுதுவது சொல்வதாகாது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

டீ, இரண்டு டம்ளர். இன்று பழக்கதோஷம் இல்லை.

அக்டோபர் 9, புதன்

மேடம் வந்தார். பலூன், பாய், கரும்பலகை, பொம்மை அலமாரி எல்லாம் வந்து இறங்கின. நேராக அந்த மூலைக்குப் போனார். தொங்கிய காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. கைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, பஞ்சில் கொட்டி, கறையின் மேல் வைத்து ஒத்தினார். வெளியிலிருந்து நடுவுக்கு, சின்னச் சின்ன வட்டமாக. பவுடர் எண்ணெயைக் குடித்து மஞ்சளானது. பலமுறை செய்து பழகிய கை.

"பழைய செவுரு. ஓதம்" என்றார்.

நான் தலையாட்டினேன். சத்தியம் இல்லாவிட்டாலும் தலைதான் ஆட்டியிருப்பேன்.

"மூலையில பொம்மை அலமாரிய வெச்சு மறைச்சிரலாம். ஆமா, தங்கச்சி எப்ப வர்றா? பேரு என்ன சொன்னே?"

"முப்பிடாதி."

"அய்யோ, வாயில நுழையல." சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு குழந்தையைக் கொஞ்சுகிற சிரிப்பு. "மினின்னு கூப்பிட்டுக்கலாம். கூப்பிடறதுக்குச் சுளுவா இருக்கும். எங்க அத்தைக்குப் பதிலா இப்ப எங்கம்மா இங்க வந்து இருக்கப் போறாங்க. கூடமாட ஒத்தாசைக்கு ஆளாச்சு."

என் கையிலிருந்த பசை வாளி நழுவியது. "பாத்து கண்ணு" என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் அறை முழுவதும் வாத்துகள் கீழே கிடந்தன. நாலு சுவரிலும் ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. கிழியவில்லை. பட்டை முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக உரிந்து, அந்த மூலையில் பாம்பு போலச் சுருண்டு கிடந்தது. சுவரைச் சுற்றி வழவழப்பான பாதை மட்டும் வெறுமையாக ஓடியது. அதில், என் மோவாய் உயரத்தில், இந்த மூலையில் மட்டுமில்லை, வரிசையாக, ஒரு சாணுக்கு ஒரு கறை. அறையைச் சுற்றிச் சுற்றி நடந்து எங்கெல்லாம் வழி இருக்கிறது என்று சாய்ந்து சாய்ந்து பார்த்தது போல. கதவுக்குப் பக்கத்தில் கறை மேலே மேலே விழுந்து கருத்திருந்தது.

மேடம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு ஓடினேன். நான் எடுக்கும் முன்பே அம்மாவின் போன் வந்தது.

"ஏட்டி, நாளைக்கு ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. வெசயதசமிக்கு அங்க இருப்போம். புள்ள புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு இப்பமே நிக்கா."

"அம்மா, அவள இப்ப கூட்டிட்டு வராண்டாம்."

"ஏன்? என்னட்டி சொல்லுத?"

"குளிரு."

"குளிருன்னா கம்பளி எடுத்துக் குடு. கெடச்ச நல்லதக் கெடுக்காத, கேட்டியா. ஒன்னயப் படிக்க வச்சது எதுக்கு? அவளத் தூக்கி விடுவன்னுதான்."

எதைச் சொல்வது? சுவரில் எண்ணெய் என்றா? அம்மா வைத்துவிட்டாள்.

மதியம் முழுவதும் முகப்பவுடர் போட்டு ஒத்தினேன். மேடம் செய்தது போலவே, வெளியிலிருந்து நடுவுக்கு. எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

பூசணிக்காய் உடைத்தார்கள். கரும்பலகைக்குப் பொட்டு, சாக்பீஸ் டப்பாவுக்குப் பொட்டு. அறைக்குள் வந்ததும் மேடம் வெறும் சுவரைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில பேரன்ட்ஸ் வர்றாங்க பேச்சி. இதுதானா உன்ற வேலை?" என்றார். முதல்முறையாகக் கண்ணு என்று சொல்லவில்லை.

கேட்டுக்குப் போனேன். அம்மா பை கட்டிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி எடுத்தாள். "அக்கா, அங்க ஜன்னல்ல இருந்து பாத்தா ரோடு தெரியுமாக்கா?" என்று கேட்டாள். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

பொய் எதுவும் வாயில் வரவில்லை. நிஜமும் வரவில்லை. கடைசியில், "அம்மா, இந்த வீட்டுச் சுவத்துல தல சாயக் கூடாதாம். எண்ணெ படக் கூடாதாம்" என்றேன்.

பின்னால் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"புள்ள தலபட்டாக் கறைன்னு சொல்லுதாவளா?"

"ஆமாம்மா. முன்னாடி ஒரு பிள்ளய அப்படித்தான் சொல்லியிருக்காவ."

"அந்தப் பிள்ள இப்ப எங்க?"

கேட்டின் கம்பியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தேன்.

"அப்ப அந்த வீடு நமக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. "நீயும் இருக்காண்டாம். கெளம்பி வா. இவள நான் அடுத்த ஊரு ஸ்கூலுக்கு நடத்திக் கொண்டு விட்டுக்கிடுதேன். காலு என்ன தேஞ்சா போயிரும்?"

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ர, ற தெரியாது. நான் இருபது நாள் எழுதி எழுதிப் புரிந்துகொண்டதை அவள் ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். மூலையைப் பார்த்து, சத்தமாக, "அவ வரல" என்றேன். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "முப்பிடாதி வரல. அம்மா சொல்லிட்டா."

ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி படிந்திருந்தது. உள்பக்கத்திலிருந்து யாரோ துடைத்தது போல, நடுவில் ஒரு வட்டம் தெளிந்தது. அதன் வழியே ரோடு தெரிந்தது.

கடைப் பசையை எடுக்கவில்லை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம் போட்டு, தீப்பெட்டிக்குச் செய்வது போலப் பசை செய்தேன். பட்டையை முதலில் இருந்த இடத்திலேயே, உட்கார்ந்தால் தெரியும் உயரத்தில் ஒட்டினேன். அந்த மூலைக்கு வந்தபோது, "கொஞ்சம் நகந்துக்கோ" என்றேன்.

காகிதம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

விழவில்லை. ஒரு மூலைகூடத் தூக்கவில்லை. கறை எங்கும் இல்லை.

பெற்றோர்கள் வந்தார்கள். பிள்ளைகள் தட்டில் அரிசி பரப்பி அ எழுதினார்கள். நான் விரல்களைப் பிடித்து எழுதவைத்தேன். எல்லாக் குழந்தைத் தலையிலும் எண்ணெய் மணம். ஒரு அம்மா, "பார்டர் எவ்ளோ நீட்டா ஒட்டியிருக்கீங்க!" என்றாள். மேடம் என் தோளில் கை வைத்து, "எங்க பேச்சி கைவேலை. டிகிரி முடிச்ச கை" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் மேடத்திடம் சொன்னேன். "தங்கச்சி வரல மேடம். நானும் நாளைக்குக் கெளம்பறேன்."

"ஏன்? நான் என்ன குறை வெச்சேன் உனக்கு?"

குறை எதுவும் வைக்கவில்லை. சாப்பாடு நன்றாகப் போட்டார், கம்பளி கொடுத்தார், கண்ணு என்று கூப்பிட்டார். அவளுக்கும் இதையெல்லாம் செய்திருப்பார். அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"மினியோட நிஜப் பேரு என்ன மேடம்?"

அக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டு கீழே விழுந்தது. மேடம் அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பின் கரையை எடுத்து விரலில் சுற்றினார். உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. கண் கலங்கியது போலவும் இருந்தது.

"மறந்துருச்சு கண்ணு" என்றார்.

பிறகு மாடிக்குப் போய்விட்டார். அக்கா சத்தியத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் கையோடு வந்து என் கன்னத்தைத் தொட்டாள். "பேச்சின்னு சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க" என்றாள்.

துணியை மடித்து வைத்துவிட்டேன். டீ இரண்டு டம்ளரில் இருக்கிறது. வெளிச்சம் போகும் முன் இதை முடிக்க வேண்டும்.

முதல் பக்கத்தில், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதினேன். அப்போது யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாது. இப்போது தெரியும். உனக்குத்தான்.

காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன். ஜன்னலோர இடமாகப் பிடிப்பேன். நீ அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த ரோட்டில்தான் அது போகும். எங்கள் வீடு சின்னது. சுவர் சுண்ணாம்புச் சுவர், கன்னம் வைத்தாலும் கீறாது. அதில் அப்பா கறை, அம்மா கறை, என் கறை, முப்பிடாதி கறை எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கும் முப்பிடாதிக்கும் நடுவே வெள்ளையாக ஓர் இடம் சும்மா கிடக்கிறது. ஒரு தலை சாயலாம். யாரும் பவுடர் போட்டு ஒத்த மாட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அந்த இடத்தையும் விட்டுவிட்டு அடிப்பாள். மினி உன் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். நிஜப் பெயரை எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மா கேட்பாள், அவளிடம் சொல்லிக்கொள்.

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கு வெட்கம். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

என்னோடு வந்துவிடு.